இரட்டைக் கோடு

சித்தூர்
9 ஜூன் 2025, திங்கள்

உதவிப் பிரிவில் இருப்பவருக்கு,

இந்த முகவரிக்கு வருவதையெல்லாம் நீதான் படிக்கிறாய் என்று அம்மா சொன்னாள். படிப்பது யாமினி இல்லையென்றால், படிப்பவர் மன்னிக்கவும். குறை உண்மையானது.

உங்கள் செயலியில் ஒரு குடும்ப வரைபடம் போடுகிறேன். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். தாத்தா, ஆயா, அவர்கள் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கிறார்கள். கடைசியாக என் வட்டத்திலிருந்து என் வீட்டுக்காரரின் சதுரத்துக்குக் கணவன்–மனைவிக் கோடு இழுக்கிறேன். விரலை எடுத்ததும் திரை வெள்ளையாகிவிடுகிறது. நடுவில் ஒரே வரி. ‘எதிர்பாராத பிழை. பக்கத்தை மீண்டும் திறக்கவும்.’ மீண்டும் திறந்தால் மீண்டும் வெள்ளை.

என் வீட்டுக்காரர் யார் என்பது உனக்குத் தெரியும். வேறு யாராவது படித்தால்: அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி.

19ஆம் தேதி திருப்பதியில் மரபியல் டாக்டரம்மாவைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. வரைபடத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இது சரியாக வேண்டும்.

நாம் மூன்று வருடமாகப் பேசவில்லை. இது பேச்சில் சேராது.

ஹரிதா


திருப்பதி
9 ஜூன், மாலை

அக்கா,

நான்தான் படிக்கிறேன்.

சில கேள்விகள். எல்லோரிடமும் கேட்பவை.

எந்த உலாவி? மறைமுகச் சாளரத்தில், அதுதான் இன்காக்னிட்டோ, திறந்தாலும் இப்படி ஆகிறதா? விளம்பரத் தடுப்பான் போல ஏதாவது கூடுதலாகப் போட்டிருக்கிறாயா? வெள்ளைத் திரை வந்ததும் F12 விசையை அழுத்து. பக்கவாட்டில் ஒரு பட்டை விரியும். அதில் ‘கன்சோல்’ என்ற இடத்தில் சிவப்பில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பு. கோப்பையும் அனுப்பு. பெயர்கள் தேவையில்லை. வேண்டுமானால் அ, ஆ என்று மாற்றிக்கொள்.

எதற்கு மரபியல் டாக்டர்?

இந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்பதில்லை. பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை.

யாமினி


சித்தூர்
10 ஜூன்

யாமினி,

குரோம். மறைமுகச் சாளரத்திலும் வெள்ளைதான். கூடுதலாக எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு ரேஷ்மாவின் மடிக்கணினியிலும் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே கதை. என் கணினியின் குற்றம் என்று மட்டும் எழுதிவிடாதே. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான். எதை மாற்றினால் எது மாறுகிறது என்று பார்க்கத் தெரியும்.

சிவப்பு வரியின் படம் இணைத்திருக்கிறேன். ‘மேக்ஸிமம் கால் ஸ்டாக் சைஸ் எக்ஸீடட்’ என்கிறது. அதற்குக் கீழே ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பிள்ளை இம்போசிஷன் எழுதின மாதிரி.

கோப்பும் இருக்கிறது. பெயர்களை மாற்றவில்லை. நமக்குள் என்ன மறைப்பு என்று எழுத வந்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது.

இன்னொன்று. சின்ன முக்கோணம் ஒன்று வேண்டும். குடும்ப வரைபடத்துக்கான வடிவங்களில் அது இல்லை. கோட்டின் நுனியில் தொங்குகிற மாதிரி, சின்னதாக.

உன் கடைசிக் கேள்விக்கு இன்று பதில் இல்லை.

ஹரிதா


திருப்பதி
11 ஜூன்

அக்கா,

கோப்பு வந்தது. திறந்தேன். இங்கேயும் வெள்ளை.

கணினிக் குற்றம் இல்லை. எங்கள் குற்றம்.

உனக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். ஒரு நிரல் தன்னால் முடியாத இடத்துக்கு வந்தால் கையை விரித்துவிடும். மேலே இருக்கும் ஏதோ ஒரு பகுதி அதைக் கவனித்து, ‘இதை மட்டும் செய்ய முடியவில்லை, மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். இங்கே அப்படிக் கவனிக்கிற பகுதியை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் பக்கம் முழுவதும் போய்விடுகிறது.

மறுபடி திறந்தாலும் விழுவதற்குக் காரணம், கோப்பு திறந்ததுமே ஆட்களை வரிசைப்படுத்தும் வேலை தானாக ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டுத் திறக்கும் இணைப்பு ஒன்றைக் கீழே கொடுத்திருக்கிறேன். அதில் வரிசை தாறுமாறாக இருக்கும். ஆனால் எதுவும் அழியாது.

அதில் திறந்து, ஒவ்வொருவராக நீக்கிவிட்டு, வரிசைப்படுத்து பொத்தானை அழுத்து. யாரை எடுத்ததும் விழாமல் நிற்கிறது என்று பார். நானும் இங்கே வேறு பக்கத்திலிருந்து தேடுகிறேன்.

முக்கோணம் ‘அடிப்படை’ வடிவங்களில் இருக்கிறது. குடும்ப வரைபடத்தில் அது எதற்கு?

யாமினி


சித்தூர்
12 ஜூன்

யாமினி,

இன்று பள்ளி திறந்தார்கள். இடைவேளையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக எடுத்தேன்.

முதலில் உன்னை எடுத்தேன். விழுந்தது. பெரிய மாமாவை எடுத்தேன். விழுந்தது. அவர் பிள்ளைகள், நைனா வழி அத்தைகள், ஒருவர் பின் ஒருவராக எல்லோரையும் எடுத்தேன். கடைசியில் ஆயா, அம்மா, மாமா, நான். நாலே பேர். அப்போதும் விழுந்தது. மாமாவை எடுத்தேன். நின்றது. அவரைத் திரும்பப் போட்டுவிட்டு என்னை எடுத்தேன். நின்றது. இருவரையும் வைத்துக் கோட்டை மட்டும் எடுத்தேன். அழகாக நின்றது.

ஆக, உன் செயலிக்கு நானும் பிரச்சினை இல்லை, மாமாவும் பிரச்சினை இல்லை.

எல்லோரையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். சேமித்த பிறகுதான் பார்த்தேன், உன்னைச் சேர்க்க மறந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு வரும் கோப்பில் அம்மாவுக்கு ஒரே மகள். வேண்டுமென்று செய்யவில்லை. முதலில் எடுத்தவர் கடைசியில்தானே நினைவுக்கு வருவார்.

முக்கோணம் எதற்கு என்று கேட்டாய். தங்காமல் போன கர்ப்பத்துக்கு அதுதான் குறி. இங்கே சித்தூரில் பார்க்கிற டாக்டரம்மா காகிதத்தில் போட்டுக் காட்டினார். எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று போன வருடத்துக்கு முந்தின தையில். இன்னொன்று போன ஆவணியில்.

இப்போது மூன்றாவது. மூன்றாம் மாதம். அதற்கு முக்கோணம் இல்லை, சாய்சதுரம். உள்ளே ஒரு எழுத்து போட வேண்டுமாம்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் மேல் கோபப்படாதே. படம் போடுவதே அவளுக்குப் பிடிக்கவில்லை. “போனதுங்கள எல்லாம் படத்துல தொங்க வுட்டுக்கினு… இன்னாத்துக்குடி?” என்று போனில் அழுதாள்.

ஹரிதா


திருப்பதி
13 ஜூன்

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். அலுவலகத்திலிருந்து வெளியே வந்து அலிபிரி வரை நடந்தேன். திருமலைக்கு ஏறும் படிக்கட்டின் கீழே உட்கார்ந்தேன். ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தேன்.

தெரியாது. இரண்டுமே தெரியாது.

என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

நீ நாலு பேராகக் குறைத்தது பெரிய உதவி. இனி தேட ஒன்றுமில்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது.

எங்கள் நிரலுக்கு மூன்று விதிகள். கூடப்பிறந்தவர்கள் ஒரே வரிசை. கணவன் மனைவி ஒரே வரிசை. பிள்ளை, தாய்க்கு ஒரு வரிசை கீழே.

அம்மாவும் மாமாவும் ஒரே வரிசை. நீ ஒரு வரிசை கீழே. நீ கோடு போட்டதும் மாமா உன் வரிசைக்கு இறங்க வேண்டும். இறங்குகிறார். அவர் இறங்கினால் அக்காவான அம்மாவும் இறங்க வேண்டும். இறங்குகிறாள். அம்மா இறங்கினால் அவள் மகளான நீ இன்னும் கீழே. நீ போனால் மாமா உன் பின்னால். மறுபடி அம்மா. மறுபடி நீ.

இதற்கு முடிவு இல்லை. நம் குடும்பமே வரிசை வரிசையாகக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது, உலாவி மூச்சு முட்டி நிற்கும் வரை. அந்தச் சிவப்பு வரிகள் எல்லாம் அதுதான். ஒவ்வொரு வரியும் ஒரு இறக்கம்.

விதி ஒவ்வொன்றும் சரி. மூன்றும் சேர்ந்தால் உங்கள் இருவருக்கும் நிற்க இடம் இல்லை.

சரிசெய்வேன். 19க்குள்.

உடம்பு எப்படி இருக்கிறது?

யாமினி


சித்தூர்
14 ஜூன்

யாமினி,

உடம்பு நன்றாக இருக்கிறது. எதைப் பார்த்தாலும் வாந்தி. புளிச்சோறு மட்டும் உள்ளே நிற்கிறது.

நேற்று உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கோபம் வந்தது. ‘உங்கள் இருவருக்கும் நிற்க இடம் இல்லை.’ இதைத்தானே நீ நிச்சயத்தன்று சொன்னாய். அன்று கணினி இல்லை. கூடத்தில் வெற்றிலைத் தட்டு இருந்தது, வரதய்யபாளையத்திலிருந்து வந்த சொந்தக்காரக் கூட்டம் இருந்தது, நீ இருந்தாய். கல்லூரியில் அச்செடுத்துக்கொண்டு வந்த தாளைப் பிரித்து, “சொந்தத்துல கட்டினா புள்ளைங்க சரியா பொறக்காது, இதுல போட்டிருக்கு பாரு” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாய். மாமா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். நான் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? தெரியாது. ஒருவேளை மாட்டேன். எனக்கு மாமாவைப் பிடிக்கும். அம்மா சொன்னதற்காகக் கட்டிக்கொண்டேன் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால், அது தப்பு. மோட்டார் காயில் சுற்றுகிற கடைதான் வைத்திருக்கிறார். சாயங்காலம் வந்ததும் செம்புத் தூள் ஒட்டின கையைக் கழுவிவிட்டு, முதலில் என் விடைத்தாள் கட்டை எடுத்து மதிப்பெண் கூட்டித் தருவார். அதற்குப் பிறகுதான் துன்ன உட்காருவார்.

ஒவ்வொரு முறை அது போனபோதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது உன் தாள்தான். குழந்தை இல்லை. உன் தாள். அதனால்தான் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். நீ சொன்னது சரியாகிப்போனதை நீயே வந்து பார்க்க வேண்டாம் என்று.

கையால் வரைந்து அனுப்பினாலும் போதும் என்று திருப்பதியில் சொல்லியிருந்தார்கள். அடிமட்டமும் பென்சிலும் என் பையில் எப்போதும் இருக்கும். ஆனால் உன் செயலியில்தான் வரைய வேண்டும் என்று உட்கார்ந்தேன். நீ செய்த ஒன்றில் எங்கள் கல்யாணத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்தேன். வெள்ளைத் திரை.

மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. பென்சிலில் போட்டு வைத்திருந்த படத்தைப் பார்த்தார். உறவில் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு போட வேண்டுமாம், போட்டிருந்தேன். “நான் ஒரே கண்ணாலந்தானே பண்ணிக்கினேன், இன்னாத்துக்கு ரெண்டு கோடு?” என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். “அங்க உக்கார வெச்சுக்கினு உன்னாலதான்னு சொல்வாங்க” என்கிறார்.

ஹரிதா


திருப்பதி
17 ஜூன்

அக்கா,

மூன்று நாள் பதில் எழுதவில்லை. வேலையில் இருந்தேன். அது மட்டும் காரணம் இல்லை.

நேற்று அலுவலகத்தில் இந்தப் பிழையை எடுத்து வைத்தேன். ஹரிபாபு சார்தான் எங்களுக்கு மேல். அவர் சொன்னார்: “ஒக்க கம்ப்ளெயின்ட்தானேம்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

ஒன்றுதானா என்று பழைய குறைகளைத் தோண்டினேன். ஒன்று இல்லை. சேலத்திலிருந்து, கர்நூலிலிருந்து, ஹாசனிலிருந்து. வேறு வேறு ஆட்கள். ஒரே வெள்ளைத் திரை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போயிருந்தது: ‘ஒருவர் இரண்டு தலைமுறைகளில் இருக்க முடியாது. உங்கள் வரைபடத்தைச் சரிபார்க்கவும்.’ அதற்குப் பிறகு அவர்கள் யாரும் எழுதவில்லை.

அதை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். லோகேஸ்வரன் என் பக்கத்து மேசை, நகரிக்காரன். அந்தப் பதிலை எழுதி வைத்தவன் அவன்தான். நாற்காலியை என் பக்கம் திருப்பினான். பிறகு, “எங்க ஊட்ல எங்கம்மாவும் மாமனைத்தான் கட்டிக்கினா” என்றான். ஹரிபாபு சார் கண்ணாடியைக் கழற்றினார். “மா அம்மா கூட மேனமாமனைத்தான்,” என்றார்.

அறையில் நாங்கள் ஐந்து பேர். மூன்று வீடு இப்படி.

“அப்போ நம்ம ஆபீஸ்ல பாதி குடும்பம் நம்ம சாஃப்ட்வேர்லயே நிக்காதா?” என்றான் லோகேஸ்வரன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

எப்படி இது யாருக்கும் தோன்றவில்லை என்று யோசித்தேன். சோதிப்பதற்கு எங்களிடம் ஒரு மாதிரிக் குடும்பம் உண்டு. வெளிநாட்டு வார்ப்புருவில் வந்தது. தாத்தா, பாட்டி, பிள்ளைகள், எங்கிருந்தோ வந்த மருமக்கள். யாருக்கும் யாரும் முன்பே சொந்தம் இல்லை. அதை வைத்தே சோதித்தோம். ஒருவர்கூடத் தன் வீட்டைப் போட்டுப் பார்க்கவில்லை.

“இன்னைக்கே செய்” என்றார் சார். செய்துவிட்டேன்.

பிள்ளை தாய்க்குக் கீழே. கூடப்பிறந்தவர்கள் ஒரே வரிசை. இவை இரண்டும் அப்படியே இருக்கின்றன. கணவனும் மனைவியும் ஒரே வரிசையில் இருந்தே ஆக வேண்டும் என்பதை எடுத்துவிட்டேன். முடிந்தால் ஒரே வரிசை. முடியாவிட்டால் அவரவர் இடத்தில். நடுவில் சாய்வாக இரட்டைக் கோடு. யாரும் இறங்க வேண்டாம்.

ஒழுங்குபடுத்த முடியாத படம் இனிமேலும் வரலாம். வந்தால் வெள்ளையாகாது. எங்களால் முடியவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு, படத்தைத் தொடாமல் விட்டுவிடும்.

முக்கோணத்தையும் சாய்சதுரத்தையும் குடும்ப வடிவங்களில் சேர்த்திருக்கிறேன். முக்கோணம் சின்னதாக. நீ கேட்டபடி.

உன் கோப்பைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். நிற்கிறது.

அந்தத் தாளைப் பற்றி. அதில் இருந்தது பொய் இல்லை. இப்போதும் அதைப் பொய் என்று எழுத வரவில்லை. ஆனால் உன் கல்யாணத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, அக்கா. விடைத்தாளைக் கூட்டித் தருவது பற்றி ஒரு வரியும் இல்லை.

19ஆம் தேதி நான் வரலாமா? உள்ளே வரமாட்டேன். வெளியே இருப்பேன். மாமா வராவிட்டால் பையைப் பிடிக்க ஒரு ஆள்.

யாமினி


சித்தூர்
18 ஜூன்

யாமினி,

கோடு போட்டேன். விரலை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

நின்றது.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். “நான் மேல, நீ கீழயா?” என்றார். “அப்படித்தான் பொறந்தோம்” என்றேன். “யார் பண்ணது இது?” என்று கேட்டார். சொன்னேன். போய்க் கைகழுவினார்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்கி கடையை மூடிட்றேன்.”

நீயும் வா. உள்ளே வா. இரட்டைக் கோடு எதற்கு என்று அவர் மறுபடி கேட்பார். படித்தவள் நீதான், நீ சொல்லு. தாள் எதுவும் கொண்டுவராதே.

புளிச்சோறு கொண்டுவா.

ஹரிதா


சித்தூர்
21 ஜூன்

யாமினி,

அன்று உன்னிடம் அதிகம் பேசவில்லை. முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை என்று தெரிந்துகொண்டேன். எழுதிப் பழகிவிட்டது.

நீ மருந்துக் கடையில் வரிசையில் நின்றபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா படத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு மாமாவிடம், “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏற்கெனவே ஒரு சொந்தம் இருந்தது, அது ஒரு கோடு. கல்யாணம் இன்னொரு கோடு. அவ்வளவுதான்” என்றார். மாமா தலையை ஆட்டினார். உன்னால், என்னால் என்று டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், பிறகு ஒரு ஸ்கேன், அதன் பிறகு பேசலாம் என்றார். ஆபத்து இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். ஆனால் அது நீ கூடத்தில் கத்தியதைவிடக் குறைவு, மாமா நம்பிக்கொண்டிருந்ததைவிட அதிகம். நம் மூன்று பேருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது மாமா, “உன் தங்கச்சி இளைச்சிட்டா, துன்றாளா இல்லியா?” என்று கேட்டார். பாதி வழி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

இனி ஒரு குறை. உதவிப் பிரிவுக்கு.

உன்னை வரைபடத்தில் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஆனால் உன் வட்டம் சரியான இடத்தில் நிற்பதில்லை. சாய்கோடு வர இடம் விட்டு, உன்னை வலதுபக்க ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. இழுத்து வந்து என் பக்கத்தில் வைக்கிறேன். மூடிவிட்டுத் திறந்தால் மறுபடி ஓரத்துக்குப் போய்விடுகிறாய். வெள்ளைத் திரை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, யாரும் இதைப் பிழை என்று சொல்லமாட்டார்கள். தினமும் ஒரு முறை திறக்கிறேன். தினமும் இழுத்து வைக்கிறேன்.

நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், குறையை நேரில் பார்க்கும் வழி இது: ஞாயிற்றுக்கிழமை காலை சித்தூர் பஸ் ஏறவும். காந்தி சிலை நிறுத்தத்தில் இறங்கவும். மோட்டார் கடை பூட்டியிருக்கும், மாடிப்படி பக்கத்தில். கதவைத் தட்ட வேண்டாம்.

கோப்பைத் திறந்தே வைத்திருப்பேன்.

அக்கா